இரவு 11 மணிக்கு மேல் கால் ரேட்

இங்கே மெல்போர்னில் நாலு தமிழ்க் குடும்பம் ஒன்றாகச் சேர்ந்தால் முதல் அரை மணி நேரம் வீட்டு விலை. அடுத்த அரை மணி நேரம் பிள்ளைகளின் போன். அதிலும் பதின்மூன்று, பதினாலு வயதில் ஊரிலிருந்து கூட்டி வந்த பிள்ளைகள் என்றால் புலம்பல் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். "ஸ்கூல் விட்டு வந்தா ரூமுக்குள்ள போயிடறா. ஊர்ல இருக்கற ஃப்ரெண்ட்ஸோட வீடியோ கால். மூணு மணி நேரம், நாலு மணி நேரம். அப்படி என்னதான் பேசுவாங்களோ!"

உடனே யாராவது ஒருவர் அந்த வசனத்தை எடுத்துவிடுவார். "நாங்கல்லாம் அந்தக் காலத்துல அம்மா அப்பாகிட்டயே மூணு நிமிஷத்துக்கு மேல பேசினதில்ல."

வாஸ்தவம்தான். ஆனால் ஏன் மூன்று நிமிஷம்? பேச விஷயம் இல்லாமலா? நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவன். ஊரோடு பேச என்ன செலவாகும் என்ற கணக்கு எங்கள் தெருவில் மனப்பாடம். அந்தக் கணக்கைக் கொஞ்சம் பழைய காலத்திலிருந்து போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றியது.

தாராவி பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. மூலத்தில் அது கோலி மீனவர்களின் இடம். குஜராத்தின் சௌராஷ்டிரப் பக்கத்திலிருந்து வந்த குயவர்களுக்குக் கும்பார்வாடா. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்தவர்கள் நம் ஆட்கள், முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே வந்து சேர்ந்துவிட்டார்கள். பெரிய மசூதி 1887ல் தொடங்கியது, பிள்ளையார் கோவில் 1913ல், முதல் தமிழ்ப் பள்ளி 1924ல் என்று சொல்வார்கள். அதாவது சினிமாவில் தாராவியைக் காட்டுவதற்கு ரொம்ப காலம் முன்பே அங்கே பிள்ளைகள் தமிழில் அ, ஆ எழுதிக்கொண்டிருந்தார்கள். (ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் மாட்டுங்காத் தமிழர்கள் தனிக் கதை. ஆபீஸ் உத்தியோகம், 1932லேயே சொந்தமாகக் கல்விச் சங்கம். அங்கே வீட்டுக்குள் போன் வந்து பல வருஷம் கழித்துத்தான் எங்கள் பக்கம் தெருவுக்கே ஒரு போன் வந்தது.)

முதல் தொடர்பு சாதனம் எது? கடிதம் என்பீர்கள். நான் மணியார்டர் என்பேன். மணியார்டர் பாரத்தின் அடியில் ஒரு சின்னக் கட்டம் உண்டு, உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அதில் நாலு வரி எழுதலாம். அந்தத் துண்டைக் கிழித்துப் பணத்தோடு கொடுத்துவிடுவார் போஸ்ட்மேன். எங்கள் தாத்தா போன்றவர்கள் வருஷக்கணக்கில் குடும்பத்தோடு பேசியது அந்தக் கட்டத்துக்குள்தான். பணம் இவ்வளவு, நான் நலம், மழை உண்டா, ஆடு குட்டி போட்டதா. முடிந்தது. கையெழுத்துக்கூடத் தாத்தாவுடையது இல்லை, எழுதத் தெரிந்த யாரோ எழுதியது. அந்தப் பக்கமும் வாசிக்கத் தெரிந்த யாரோ ஒருவர், பெரும்பாலும் போஸ்ட்மேனே, சத்தமாக வாசிப்பார். இரண்டு பக்கமும் ஒவ்வொரு அந்நியர் நடுவில் உட்கார்ந்திருக்க, கணவன் மனைவி என்ன பேசிவிட முடியும்?

1950ல் இன்லண்டு லெட்டர் வந்தது. நீல நிறத் தாள், மூன்றாக மடித்து ஒட்டலாம், போஸ்ட் கார்டைப்போல ஊரே வாசிக்காது. இங்கேதான் பிள்ளைகள் கதைக்குள் வருகிறார்கள், எழுத்தர்களாக! தாராவித் தெருக்களில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நாலாவது, ஐந்தாவது படிக்கிற பிள்ளைக்குக் கிராக்கி அதிகம். ஆச்சி சொல்லச் சொல்ல எழுதவேண்டும். சண்டை, கடன், மருமகள் மேல் குறை எல்லாம் அந்தப் பத்து வயதுப் பிள்ளையின் கை வழியாகத்தான் ஊருக்குப் போகும். எழுதி முடித்ததும் மூலையில் மிச்சமிருக்கிற இடத்தில் "உனக்கு ஏதாவது எழுதணுமா?" என்று கேட்பார்கள். ஒரு விரல்கடை இடம். அதில் ஒரு சிறுவன் யாருக்கு என்ன எழுதுவான்?

என் அப்பா பதினாலு வயதில், 1968ல், பம்பாய்க்கு வந்தார். சிவசேனா தொடங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தென்னிந்தியர்களுக்கு எதிரான கோஷம் உச்சத்தில் இருந்த நேரம், லுங்கி கட்டி வெளியே போகப் பெரியவர்களே யோசித்த காலம். அவரோடு ஊரில் எட்டாவது வரை ஒன்றாகப் படித்தவர்கள், குளத்தில் ஒன்றாகக் குதித்தவர்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். யாருக்கும் அவர் கடிதம் எழுதியதில்லை. எழுதினால் ஒரு இன்லண்டு காசு, அதைப் பெரியவர்களிடம் கேட்கவேண்டும், "கூட்டாளிக்கு லெட்டராக்கும்?" என்று சிரிப்பார்கள். நாலு வருஷம் கழித்து அம்மன் கொடைக்கு ஊருக்குப் போனபோது ஒருவனுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. இன்னொருவன் இவரை "வாங்க" என்றானாம்! "ஏலே" என்று கூப்பிட்டவன். அப்பா இதை ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அதற்குப் பிறகு கொடைக்குப் போனால் கோவிலுக்குப் போவார், உறவினர் வீடுகளுக்குப் போவார், குளத்தங்கரைக்குப் போனதில்லை.

இடம் பெயர்ந்தவர்கள் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். மொழி போனது, நிலம் போனது, சாமி போனது என்று. சேக்காளிகள் போனது பற்றி அதிகம் படித்ததாக ஞாபகம் இல்லை. பெற்றோரோடும் மனைவியோடும் உள்ள தொடர்புக்குக் கடமை என்று ஒரு கயிறு உண்டு, அது பணம் அனுப்பும், கடிதம் எழுதும். பதினாலு வயது நட்புக்கு அப்படி ஒரு கயிறும் கிடையாது. வெட்டியாகச் சேர்ந்து உட்கார்ந்திருந்தால்தான் அது இருக்கும்.

சரி, போனுக்கு வருவோம்.

முதலில் டிரங்க் கால். எக்ஸ்சேஞ்சில் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று சாதி. மின்னல் வேகம் வேண்டுமானால் மின்னல் விலை. மூன்று நிமிஷம் ஒரு யூனிட். நம் நண்பர்கள் பெருமையாகச் சொல்லும் அந்த மூன்று நிமிஷம் இதுதான் ஐயா! ஒழுக்கமுமில்லை, சிக்கனமான பேச்சுமில்லை, எக்ஸ்சேஞ்சின் யூனிட். இந்தியாவில் நேரடியாக டயல் செய்யும் எஸ்டிடி 1960ல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் நடுவே தொடங்கியது. நெல்லைக் கிராமங்களை அது எட்டிப் பார்க்க ரொம்ப வருஷம் ஆயிற்று.

1980களின் பின்பாதியில் மஞ்சள் போர்டு போட்ட எஸ்டிடி பூத்துகள் முளைத்தன. 1986ல் டில்லிக்கும் பம்பாய்க்கும் எம்டிஎன்எல் வந்தது. 90 ஃபீட் ரோட்டில் நடந்தால் நாலு கடைக்கு ஒரு பூத். கண்ணாடிக் கூண்டு, காற்று வராத ஒரு குட்டி ஃபேன், தலைக்கு மேலே சிவப்பு எண்கள் ஓடுகிற மீட்டர். ரிசீவர் காதில், கண் மீட்டரில். இரவு 11 மணிக்கு மேல் கட்டணம் காலாகக் குறையும். பத்தரைக்கே வரிசை சேர்ந்துவிடும். பகலெல்லாம் உழைத்த ஆட்கள், நாளைக் காலை நாலு மணிக்கு இட்லி மாவோடு எழுந்திருக்கவேண்டிய பெண்கள், தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டவர்கள். எல்லோரும் கால் ரேட்டுக்காக விழித்திருந்தார்கள்.

அந்தப் பக்கமோ ஊரில் ஒரே போன். பலசரக்குக் கடையிலோ, வாத்தியார் வீட்டிலோ. விசிட்டிங் கார்டில் நம்பருக்குப் பக்கத்தில் 'பி.பி.' என்று போட்டிருப்பார்களே, அந்த ரகம், பக்கத்து வீட்டுப் போன். முதல் கால் போட்டு "ஆச்சியைக் கூப்பிட்டு வையுங்க, பத்து நிமிஷத்துல திரும்ப அடிக்கேன்" என்று வைக்கவேண்டும். ஆச்சி இருட்டில் தட்டுத் தடுமாறி வந்து, மூச்சு வாங்க, "எய்யா, நல்லா இருக்கியாயா? சாப்ட்டியா? துட்டு ரொம்ப ஆவும், வச்சிரட்டுமா?"

பேச ஆரம்பித்ததுமே 'வச்சிரட்டுமா' என்று கேட்ட தலைமுறை அது. அதில் பாசம் இருந்தது, சந்தேகமே இல்லை. ஆனால் பேச்சு இருந்ததா?

1992 டிசம்பர், 93 ஜனவரி கலவரத்தில் பம்பாயில் மோசமாக அடிபட்ட இடங்களில் தாராவியும் ஒன்று. ஊரடங்கில் எங்கள் தெருவில் பூத் மூடிக் கிடந்தது. ஊரில் ரேடியோ செய்தியில் தாராவி பெயர் கேட்கிறது, இங்கிருந்து குரல் வரவில்லை. பூத் திறந்த அன்று வரிசையில் நின்றவர்கள் தங்கள் சேதியை மட்டும் சொல்லவில்லை. பின்னால் நிற்கும் பத்துப் பேரின் பெயரையும் சொல்லி "இவங்க எல்லாம் இருக்காங்கன்னு சொல்லிருங்க" என்றார்கள். போனில் நான் கேட்ட மிக நீளமான பெயர்ப் பட்டியல் அதுதான்.

செல்போன் 1995ல் இந்தியாவுக்கு வந்தபோது நிமிஷத்துக்கு 16 ரூபாய் வரை, வருகிற அழைப்புக்கும் காசு. 2003ல் இன்கமிங் இலவசம் ஆனது, உடனே மிஸ்டு கால் கலாசாரம் வந்தது. ஒரு ரிங் என்றால் கிளம்பிட்டேன், இரண்டு ரிங் என்றால் கூப்பிடு. 2006 மார்ச்சில் ஒன் இந்தியா திட்டம், நாட்டின் எந்த மூலைக்கும் நிமிஷத்துக்கு ஒரு ரூபாய். எங்கள் தெருவில் பூத் வைத்திருந்தவர் அடுத்த வருஷமே ரீசார்ஜ் கடை ஆக்கிவிட்டார். அப்புறம் 2016. செப்டம்பரில் ஜியோ, நவம்பரில் வாட்ஸ்அப் வீடியோ கால். இரண்டு மாச இடைவெளியில் இரண்டும் வந்து சேர்ந்தது. 2014ல் ஒரு ஜிபி டேட்டா சுமார் 270 ரூபாய், 2018ல் சுமார் 12 ரூபாய். கூண்டுக்குள் ஓடிய மீட்டர் கிட்டத்தட்ட நின்றேவிட்டது.

முகம் பார்த்துப் பேசும் போன் புதுசு என்று நினைக்கவேண்டாம். 1936லேயே ஜெர்மனியில் பெர்லினுக்கும் லைப்சிக்குக்கும் நடுவே பொது மக்களுக்கே திறந்துவிட்டார்கள். இரண்டு பேரும் குறித்த நேரத்துக்கு அவரவர் ஊர் தபால் நிலையத்துக்குப் போய்க் கூண்டுக்குள் உட்காரவேண்டும், நம் பி.பி. கதைதான்! அமெரிக்காவில் 1964ல் ஏடி அண்ட் டி நிறுவனம் நியூயார்க், சிகாகோ, வாஷிங்டன் நகரங்களில் பிக்சர்போன் கூண்டு வைத்தது. மூன்று நிமிஷத்துக்கு 16 டாலரில் ஆரம்பம். (மறுபடியும் மூன்று நிமிஷம்!) 1970ல் பிட்ஸ்பர்க் ஆபீஸ்களில் வைத்துப் பார்த்தார்கள், எடுபடவில்லை. விலை ஒரு காரணம். போன் பேசும்போது தன் முகத்தை யார் பார்க்கவேண்டும் என்று பலருக்கு இருந்தது இன்னொரு காரணமாகச் சொல்கிறார்கள். பக்கத்தில் இருக்கிற ஆளோடு பேசவே அந்தக் கருவியை விற்றார்கள் போலிருக்கிறது. மகன் இளைத்திருக்கிறானா என்று பார்க்கத் துடிக்கிற ஒரு அம்மாவிடம் விற்றிருந்தால் கதை வேறு.

லண்டன், கேம்பிரிட்ஜ் பக்கம் வேலை செய்த பிலிப்பைன்ஸ் தாய்மார்களையும் ஊரில் விட்டு வந்த பிள்ளைகளையும் பற்றி மிர்கா மதியானு, டேனியல் மில்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2012ல் ஒரு புத்தகம் எழுதினார்கள். அதில் ஒரு விஷயம் எனக்குப் பிடித்தது. செலவு ஒரு பொருட்டாக இருக்கும்வரை யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது, "காசு இல்லை, அதான் கூப்பிடவில்லை." செலவு மறைந்த பிறகு, கூப்பிடுவதா, எழுதுவதா, முகம் காட்டுவதா என்பதெல்லாம் மனசு சம்பந்தப்பட்ட விஷயமாகிவிடுகிறது. கூப்பிடாமல் இருப்பதற்கும் அர்த்தம் வந்துவிடுகிறது. நம் பிள்ளைகள் வளர்வது இந்த உலகத்தில். பன்னிரண்டு நாள் பதில் வராத கடிதம் நமக்குச் சகஜம். பன்னிரண்டு மணி நேரம் எடுக்காத கால் அவர்களுக்குச் சண்டை.

அப்படி என்னதான் பேசுகிறார்கள்? என் மகள் விஷயத்தில் எனக்குத் தெரிந்த பதில், பெரும்பாலும் ஒன்றுமே பேசுவதில்லை. போன் டேபிள் லாம்ப்பில் சாய்ந்திருக்கும். இவள் கணக்கு போடுவாள். அந்தப் பக்கம் செம்பூரில் ஒருத்தி நகத்துக்குச் சாயம் பூசுவாள். தாராவியில் இன்னொருத்திக்கு வீட்டுக்குள் தனி இடம் கிடையாது, பத்துக்குப் பதினைந்தில் ஐந்து பேர். அதனால் மாடிக்கு ஏறுகிற இரும்பு ஏணியில் உட்கார்ந்துதான் கால். பின்னால் குக்கர் விசில், யாரோ தண்ணீர்க் குடத்தோடு "நகருடீ" என்று கத்துவது, பட்டாசு, மழை எல்லாம் மெல்போர்ன் வீட்டுக்குள் கேட்கும். அரை மணிக்கு ஒரு தரம் யாராவது ஏதாவது சொல்வார்கள், சிரிப்பார்கள், மறுபடி மௌனம். "பேசாம இருக்கறதுக்கு எதுக்கு கால்?" என்பார்கள் இங்குள்ள தாத்தா பாட்டிகள். ஆனால் ஊரில் திண்ணையில் இரண்டு பேர் சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து எத்தனை வார்த்தை பேசினார்கள் என்று எண்ணிப் பாருங்களேன். கடிதத்திலும் டிரங்க் காலிலும் எஸ்டிடியிலும் அனுப்ப முடியாமல் போன ஒரே சரக்கு அதுதான், சும்மா கூட இருப்பது.

இந்தப் பழக்கம் 2020ல்தான் கெட்டிப்பட்டது. ஏப்ரல் 1ஆம் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி. இரண்டரை சதுர கிலோமீட்டருக்கும் குறைவான இடத்தில் பத்து லட்சம் பேர் வரை வாழும் பகுதி, எப்படித் தனித்திருப்பது? மே மாதத்தில் ரயிலிலும் பஸ்ஸிலும் பலர் நெல்லைக்குத் திரும்பினார்கள். கங்கைகொண்டான் சோதனைச் சாவடியில் நிறுத்திப் பரிசோதனை. அந்தச் சமயம் நெல்லையில் ஏறிய எண்ணிக்கையில் பெரும்பகுதி மகாராஷ்டிராவிலிருந்து வந்தவர்கள் என்று தினசரி செய்தி. 'பம்பாய்க்காரங்க' என்றால் சொந்த ஊரிலேயே நாலடி தள்ளி நின்றார்கள். அப்படிப் போன பிள்ளைகள் பலர் மாதக்கணக்கில் அங்கேயே இருந்து, வேப்பமரத்தடியில் சிக்னல் தேடி மும்பைப் பள்ளியின் ஆன்லைன் வகுப்பில் உட்கார்ந்தார்கள். வகுப்பு முடிந்ததும் தாராவிச் சிநேகிதர்களோடு கால். தாத்தா எந்த மண்ணை நினைத்து மணியார்டர் கட்டத்தில் நாலு வரி எழுதச் சொன்னாரோ, அந்த மண்ணில் உட்கார்ந்து பேரன் "எப்படா வீட்டுக்கு வருவோம்" என்று தாராவிக்காக ஏங்கினான். என் மகளும் 'ஊர்' என்று சொன்னால் அது திருநெல்வேலி இல்லை. 90 ஃபீட் ரோடும் சயன் ஸ்டேஷனும்தான்.

எல்லாம் நல்லதுக்கே என்று சொல்ல வரவில்லை. இங்கே மணி 11 ஆனால்தான் அங்கே டியூஷன் விட்டு வருகிறார்கள், ஆறரை மணி. அக்டோபர் முதல் ஞாயிறு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியதும் அது 12 ஆகிவிடும். எங்கள் வீட்டில் ஒரு பெரிய சண்டை அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நடந்தது. தூக்கம் கெடுகிறது, காலையில் முகம் உப்பிக் கிடக்கிறது, மதிய இடைவேளையில் புதுப் பள்ளியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று டீச்சர் சொல்கிறார். பழைய நட்பு கைவசம் இருப்பதால் புது நட்புக்கு அவசரம் இல்லை, இது உண்மையான ஆபத்து. 2025 டிசம்பர் 10ல் 16 வயதுக்குக் கீழே சமூக வலைத்தளக் கணக்கு கூடாது என்ற சட்டம் இங்கே நடைமுறைக்கு வந்தபோது, "அப்பாடா, வீடியோ காலும் போச்சு" என்று சில பெற்றோர் சந்தோஷப்பட்டார்கள். இல்லை, வாட்ஸ்அப் அந்தப் பட்டியலில் சேரவில்லை. அரசாங்கம் நமக்காகச் செய்யாது, நாமேதான் பிள்ளையோடு உட்கார்ந்து நேரம் பேசவேண்டும்.

நாங்கள் போட்ட ஒப்பந்தம் இது. பள்ளி நாட்களில் இரவு பத்தேகாலுக்கு போன் ஹாலுக்கு வந்துவிடவேண்டும். சனி, ஞாயிறு மதியம் முழுக்க அவளுடையது, அங்கே அப்போது காலை நேரம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டோம். அடம் பிடித்தாள், அழுதாள், இப்போது ஓடுகிறது. முழுக்கப் பிடுங்கிக்கொள்ளுங்கள் என்றும் இங்கே சிலர் சொன்னார்கள். அதற்கு நான் உடன்படவில்லை. குளத்தங்கரைக்குப் போகாத ஒரு ஆளோடு ஒரே வீட்டில் வளர்ந்தவன் நான்.

கிளம்பும்போது ஆறு பேராக இருந்த கும்பல் இரண்டு வருஷத்தில் மூன்றாகிவிட்டது. யாரும் தடுக்கவில்லை, விலையும் இல்லை, தானாகக் கரைந்தது. மிச்சமுள்ள மூன்றிலும் ஒன்று இப்போது ஆட்டம் காண்கிறது. காரணம் போன் இல்லை, வீடு. தாராவி மறுசீரமைப்பு வேலை அதானி குழுமத்துக்குப் போன கதை உங்களுக்குத் தெரியும், 2022 நவம்பரில் ஏலம், 2023 ஜூலையில் அரசின் ஒப்புதல். 2024 மார்ச்சில் கமலா ராமன் நகரில் கணக்கெடுப்பு ஆரம்பித்து வீடு வீடாக எண் போட்டார்கள். 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி. அதற்குப் பிறகு வந்தவர்களுக்கும் மாடியில் குடியிருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியே எங்கேயோ, வேறு நிபந்தனைகளோடு. எங்கே என்பதில்தான் வழக்கும் போராட்டமும். இரும்பு ஏணியில் உட்கார்ந்து கால் பேசுகிற பெண்ணின் குடும்பம் மாடியில்தான் இருக்கிறது.

போன சனிக்கிழமை அந்தப் பெண் போனைத் திருப்பி, ஏணிக்கு மேலே சுவரில் போட்டிருந்த எண்ணைக் காட்டினாள். முலுண்டு என்கிறார்கள், தேவ்நார் என்கிறார்கள், அம்மாவுக்கே தெரியவில்லை என்றாள். அங்கிருந்து சயனில் இப்போதைய ஜூனியர் காலேஜுக்கு எத்தனை மணி நேரம் ஆகும், எந்த ட்ரெயின் என்று இரண்டு பேரும் சேர்ந்து மேப்பில் தேடிக்கொண்டிருந்தார்கள். என் மகள் மெல்போர்னிலிருந்து ஹார்பர் லைன் டைம்டேபிளை வாசித்துக் காட்டினாள்.